கரீமுல்லா பாய் போட்ட ஒரே பிளஸ்

சென்னை மாநகரில் தீர்ப்பு வழங்கும் இடங்கள் பல உண்டு. அவற்றுள் மேல்முறையீட்டுக்கே வழியில்லாத இடம் ஒன்றுதான். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கரீமுல்லா பாயின் பழைய இசைத்தட்டுக் கடை. அங்கே நீதிபதி, குமாஸ்தா, டவாலி எல்லாம் அவரே. டியூப்லைட்டுக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அவர் பார்க்கும்போது, எதிரே நிற்கிறவர் தன் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு நிற்பவர் மாதிரி எச்சில் விழுங்குவார்.

பழைய தட்டு விற்கிற எவரும் அதன் நிலைமைக்கு ஒரு கிரேடு போட்டாக வேண்டும். மேலிருந்து கீழாக மின்ட், எக்ஸலன்ட், வெரி குட், குட், புவர். மின்ட் என்பது உறை பிரிக்காத தட்டு. கரீமுல்லா பாய் அதை வாழ்நாளில் யாருக்கும் கொடுத்ததில்லை. பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும், பிரித்துவிட்டால் அது எப்படி மின்ட் ஆகும் என்பது அவர் வாதம். பெரிய பெரிய தத்துவவாதிகள் திணறியிருக்க வேண்டிய இடம் இது. அவர்கள் யாரும் தட்டு வாங்க வராததால் தப்பித்தார்கள். குட் என்றால், இரைச்சல் உண்டு, ஆனால் ஊசி துள்ளாமல் கடைசி வரைக்கும் ஓடும். புவர் என்றால் ஓடாது. சுவரில் மாட்டலாம்.

மற்ற வியாபாரிகள் வெரி குட்டுக்கும் எக்ஸலன்ட்டுக்கும் நடுவே ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு வெரி குட் பிளஸ் என்று பெயர். உலகத்தில் விற்கும் பாதித் தட்டுகள் அந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கரீமுல்லா பாய் மட்டும் அதை உள்ளே விடவில்லை.

"இன்னா சார் பிளஸ்ஸு? ஒண்ணு வெரி குட்டா இருக்கணும், இல்ல எக்ஸலன்ட்டா இருக்கணும். நடுவுல இன்னா கீது? பொய்க்கு வெச்ச செல்லப் பேரு அது."

அவர் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. நீல எழுத்தில் இரண்டே வரி: 'கிரேடு தவறு என்றால் தட்டைத் திருப்பித் தரலாம். இங்கே பிளஸ் கிடையாது.' இந்திய அரசியல் சாசனத்தை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறார்கள். இந்தப் பலகைக்குத் தூசி தட்டுவதோடு சரி.

வாங்குகிற கூட்டமும் சாமானியப்பட்டதில்லை. பெசன்ட் நகரிலிருந்து அனிருத் என்றொரு கம்ப்யூட்டர் இளைஞன் வருவான். தட்டில் 'வார்ம்த்' இருக்கிறதா என்று கேட்பான். அவன் போன பிறகு பாய் பக்கத்துத் தையல்காரரிடம் முறையிடுவார்: "மெட்ராஸ்ல ஒக்காந்துக்கினு வெதுவெதுப்பு வோணும்ன்றான் நைனா. சித்திர மாசம்."

சரக்கு வரும் வழிதான் கொஞ்சம் துக்ககரமானது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் ஒரு வீட்டில் பெரியவர் காலமானால், முதலில் ஐஸ் பெட்டிக்காரர் வருவார். பிறகு சாஸ்திரிகள். காரியமெல்லாம் முடிந்து, அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை திரும்பிப் போவதற்கு முன்னால், கரீமுல்லா பாயை வரச் சொல்வார்கள். அலமாரியைத் திறந்து காட்டி, "உயிரா வெச்சிண்டிருந்தார்" என்பாள் அந்த அம்மாள். அந்த ஒரு வார்த்தை போதும், பாய்க்குக் கிரேடு தெரிந்துவிடும். உயிராக வைத்திருந்த தட்டு எல்லாம் குட்தான். தினமும் போட்டுப் போட்டு, நடு ஓட்டையைச் சுற்றி, பிளேயரின் நடுக்குச்சியைத் தேடித் தடவிய கோடுகள் சிலந்தி வலை மாதிரி இருக்கும். எக்ஸலன்ட் எல்லாம், கல்யாணத்துக்குப் பரிசாக வந்து யாருக்கும் பிடிக்காமல் கிடந்தவை. அன்பு வைத்தால் கிரேடு இறங்கும் என்கிற இந்த விதியை அவர் எந்த விதவையிடமும் சொன்னதில்லை. கிரேடை மட்டும் சொல்வார். கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு முறை அவர் சறுக்கினார். சறுக்கியது ஸ்ரீரங்கனிடம். ஸ்ரீரங்கன் ரிட்டயரான கெமிஸ்ட்ரி புரொபசர். மாதா மாதம் ஒரு தட்டு வாங்கி, மாதம் முழுக்க அதைப் பற்றிச் சண்டை போட வருகிறவர். கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் பாய் ஒரு வீணைத் தட்டை வெயிலில் காட்டிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. எக்ஸலன்ட் என்று விற்றுவிட்டார். மறுநாளே ஸ்ரீரங்கன் தட்டும் கையுமாக வந்தார்.

"ஓய் பாய், இது வீணையா, வெங்காயம் வதக்கறதா? யாரோ மொட்டை ஊசியைப் போட்டு உள்ளுக்குள்ள சுரண்டி எடுத்திருக்கான். மேல பார்த்தா ஜோரா இருக்கு. நீர் கண்ணால கிரேடு போட்டீர், காதால போடலை."

பலகை தன் வேலையைச் செய்தது. தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து, முழுசாக ஓட்டிக் கேட்காமல் எந்தத் தட்டுக்கும் அவர் கிரேடு சொன்னதில்லை. பளபளப்பு கண்ணை ஏமாற்றும், இரைச்சல் காதை ஏமாற்றாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் செய்கிறவர்களுக்கு என்று தனியாக ஒரு பரீட்சை வைத்திருப்பது மேலே இருக்கிறவன் வழக்கம்.

வீடு திருவல்லிக்கேணியில். பாயின் மனைவி அஃப்சருன்னிசா. கார்ப்பரேஷன் உருதுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்கு வரும் தட்டெல்லாம் முதலில் அவர் கைக்குத்தான் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. லேபிள் நனையாமல், வட்டத்தோடு வட்டமாகப் பழைய மல் துணியால் துடைத்து, சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் சோற்றுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்திக் காய வைப்பார். இசைத்தட்டுக்கு அவர் வைத்த பெயர் 'கருப்புத் தோசை'.

"நான் கழுவுறேன், நீங்க மார்க்கு போட்டுட்டு பேர் வாங்கிக்கினு போறீங்க" என்பார். "எங்க ஸ்கூல்ல பெயிலாப் போறவனுக்குக்கூட ரெண்டு மார்க்கு போட்டு பாஸ் பண்ணுவோம். உங்க மனசு இன்னா மனசு?"

"பேகம், ரெண்டு மார்க்கு சேத்துப் போட்டா பையன் பாஸாவான். தட்டு பாடாது."

ஒரே மகள் தஹ்சீன், கணவன் ஷோயபோடு தோஹாவில். அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் டீச்சர். வருஷத்துக்கு ஒரு லீவு. அந்த லீவில் மட்டும் வருவாள், வந்தால் தாயும் மகளும் சேர்ந்து பாயைக் கிழிப்பார்கள். அவர் வாழ்க்கையில் எக்ஸலன்ட் கிரேடு வாங்கிய நாட்கள் அவைதான்.

அஃப்சருன்னிசாவுக்கு முதலில் வந்தது இருமல். தட்டுத் தூசி என்றார்கள். பிறகு முதுகுவலி. குனிந்து கழுவுவதால் என்றார்கள். பிறகு மாடி ஏறினால் மூச்சு, பிறகு ஏறாமலே மூச்சு. கடைசியில் அடையாறு ஆஸ்பத்திரி. படம் பிடித்து, ஊசி குத்தி, நீர் எடுத்து, எல்லாம் ஆன பிறகு டாக்டர் லாவண்யா பாயை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல டாக்டர். சுற்றி வளைக்கவில்லை.

"நுரையீரல் முழுக்கப் பரவியிருக்கு பாய். வலி இல்லாம பாத்துக்கலாம். அதுக்கு மேல நான் ஆசை காட்ட மாட்டேன். வெளியூர்ல யாராவது வரவேண்டியிருந்தா, தள்ளிப் போடாதீங்க. இப்பவே வரச் சொல்லிடுங்க."

அதுதான் கிரேடு. பாய்க்குப் புரிந்தது. தன்னைப் போலவே இன்னொருத்தியும் ஊரில் இருக்கிறாள் என்று ஒரு கணம் மரியாதைகூட வந்தது. வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் ஆட்டோவுக்காக நின்றார்கள். அஃப்சருன்னிசா கையில் மோர் பாக்கெட்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. மாத்திரைய மாத்தி எழுதிக் குடுத்தாங்க."

"மாத்திரை மாத்தறதுக்கு எதுக்கு கதவ சாத்துனாங்க?" மோரை உறிஞ்சினார். "சரி விடுங்க. வூட்டுப் பேச்சு வோணாம், கடைப் பேச்சு பேசலாம். எனக்குக் கிரேடு சொல்லுங்க."

"இன்னா பேகம் இது?"

"எக்ஸலன்ட்டுனு சொன்னீங்கன்னா இங்கியே சிரிச்சிடுவேன். வெரி குட்டா, குட்டா? குட்டுன்னா தஹ்சீன இப்பவே லீவு போட்டுக்கினு வரச் சொல்லிடறேன். வெரி குட்டுன்னா பெரிய லீவுக்கே வரட்டும். அவளுக்கு இருக்கறது ஒரே லீவு. அவசரப்பட்டு செலவு பண்ணக் கூடாது. நீங்க சொல்றதுதான் கணக்கு. உங்களுக்கு ஏத்திப் போட வராதுன்னு ஊருக்கே தெரியும்."

புவர் என்று சொல்ல வேண்டிய இடம். குட் என்றாவது சொல்லியிருக்கலாம், மகள் அந்த வாரமே வந்திருப்பாள். பாய் வாயைத் திறந்தார். ஊர் உலகமே பார்த்துப் பயந்த அந்த வாய்.

"வெரி குட்" என்றது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வாழ்நாளெல்லாம் பொய் சொல்லிப் பழகாதவன் பொய் சொல்லத் தொடங்கினால் அவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

"பிளஸ்" என்றும் சேர்த்துக்கொண்டது.

அஃப்சருன்னிசா மோர் பாக்கெட்டிலிருந்து வாயை எடுத்தார். கணவர் முகத்தை, அவர் தட்டைப் பார்ப்பது போலவே, கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"பிளஸ்ஸா?"

"ஆமா."

"சரி" என்றார். மறுபடி மோரைக் குடித்தார்.

ஆட்டோ வந்து நின்றது. "திருவல்லிக்கேணியா? மீட்டருக்கு மேல போட்டுக் குடு நைனா" என்றார் டிரைவர். வழக்கமாக இதற்கு ஒரு பிரசங்கம் உண்டு. அன்று பாய் பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

அன்று சாயந்தரம் தஹ்சீன் போன் செய்தாள். தாயோடு பேசிவிட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். "நெஜமா அப்பா? வெரி குட் பிளஸ்ஸா? நான் வரவா, வேணாமா?" பாய் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டே, "லீவுக்கு வா கண்ணு, போதும்" என்றார். மகள் சந்தேகப்படவில்லை. அப்பா போட்ட கிரேடைச் சந்தேகப்பட்டால் பிறகு உலகத்தில் எதை நம்புவது?

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. அஃப்சருன்னிசா நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டுக் கழுவினார். வேண்டாம் என்று பாய் தடுத்தால், "ஏன், வெரி குட் பிளஸ்ஸுக்கு வேலை செய்யத் தெரியாதா?" என்பார். மீன்காரியிடமும் சொல்வார்: "எனக்கு எங்க வூட்டுக்காரர் பிளஸ் போட்டிருக்காரு, தெரியுமா?" மீன்காரி அது ஏதோ புது மாத்திரை என்று நினைத்துக்கொண்டு, "சாப்ட்டுக்கினே வா அம்மா, எறங்கிடும்" என்றாள்.

ஒருநாள் காலை, பாய் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அஃப்சருன்னிசா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"ஏங்க. அந்தக் கிரேடு கண்ணால போட்டதா, காதால போட்டதா?"

"காதாலதான்."

"இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்களேன். இங்க, முதுகுல காத வெச்சுக் கேளுங்க. இன்னா சத்தம் வருதுன்னு சொல்லுங்க."

காதை வைக்கவே தேவையில்லை. வாசற்படியிலிருந்தே கேட்டது. மொட்டை ஊசி சுரண்டிய பள்ளத்தில் ஊசி ஓடுகிற அதே சத்தம். எந்தத் தட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தாலும் பாய் இரண்டாவது சுற்றுக்குள் கையை எடுத்திருப்பார்.

"கடைக்கு நேரமாச்சு பேகம். வந்து கேக்கறேன்."

"சரி" என்றார் அவர். வந்து கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அந்த முதுகு அங்கேயே காத்திருந்தது.

இதற்கிடையே கடையில் ஒரு கோளாறு. ஸ்ரீரங்கன் வாங்கிப்போன நாகஸ்வரத் தட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார். அதற்கு முந்தின தட்டையும் சேர்த்து.

"ஓய் பாய், என்ன ஆச்சு உமக்கு? இது எக்ஸலன்ட்டா? இதுல நாகஸ்வரக்காரர் ஒரே ஸ்வரத்தை வாசிச்சிண்டே இருக்கார், எங்காத்துக் கோமளம் வந்து தட்டிக் கொடுத்தாத்தான் அடுத்த ஸ்வரத்துக்குப் போறார். உம்ம கடைக்குக் கருணை வந்துடுத்து ஓய். வியாபாரத்துக்கு ஆகாது."

பாய் சண்டை போடவில்லை. அதுவே ஸ்ரீரங்கனைக் கலவரப்படுத்தியது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கேட்டார். பாய் சொன்னார், டாக்டர் சொன்னது, மரத்தடியில் தான் சொன்னது, எல்லாம்.

ஸ்ரீரங்கன் ரொம்ப நேரம் பலகையையே பார்த்தார்.

"பொண்ணைக் கூப்பிடும்."

"நாளைக்கு சார்."

"நாளைக்குன்னு ஒரு கிரேடு உம்ம கடையிலயே கிடையாதே. இப்பவே கூப்பிடும் ஓய், நான் பக்கத்துல இருக்கேன்."

பாய் போனை எடுத்தார். தோஹாவில் வகுப்பு இடைவேளை. "அப்பா! இன்னா இந்நேரத்துல? அம்மி எப்டி கீறாங்க?" என்றது மகளின் குரல். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். உண்மை பாய்க்குத் தொண்டை வரை வந்தது. இன்னும் ஒரு அங்குலம் ஏறியிருந்தால் வெளியே வந்திருக்கும்.

"நல்லா கீறாங்க கண்ணு. சும்மாதான் போட்டேன். அதே பிளஸ்தான்."

போனை வைத்தார். ஸ்ரீரங்கன் திருப்பித் தரக் கொண்டுவந்த இரண்டு தட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "இதுகள் என்கிட்டயே இருக்கட்டும். பழகிடுத்து" என்று சொல்லிப் போனார். அந்தக் கடையின் சரித்திரத்தில், தவறான கிரேடை வாடிக்கையாளரே ஏற்றுக்கொண்ட முதல் சம்பவம் அது.

அஃப்சருன்னிசா ஒரு வியாழக்கிழமை விடிகாலை, தொழுகைக்குப் பிறகு போனார். பாய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அறையில் அந்தச் சத்தம் இல்லை. இத்தனை நாள் கேட்கவே மாட்டேன் என்று இருந்த காது, சத்தம் நின்றதும் உடனே கேட்டது. டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். தட்டு ஸ்டாண்டில் முந்தின நாள் பேகம் கழுவி வைத்த இரண்டு எல்.பி. தட்டுகள் காய்ந்து நின்றன.

மகளுக்குப் போன் செய்தார். ஒரே மணியில் எடுத்தாள்.

"அப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இன்னிக்கு ராத்திரி ஃப்ளைட்டு. டிக்கெட் போட்டுட்டேன். நான் வர்றது உங்களுக்கு யாரு சொன்னது?"

பாய் சொன்னது ஒரு வரி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தது ஷோயப்.

மறுநாள் விடிந்தால் மகள் வந்துவிடுவாள். ஒரு ராத்திரி. அதுவரை பொறுக்கலாமா என்று பாய் ஜமாஅத் பெரியவர் ஷரஃபுதீனைக் கேட்டார். ஷரஃபுதீன் கெட்ட மனிதர் இல்லை, பாயின் தோளில் கையை வைத்துத்தான் சொன்னார்: "மையத்த காக்க வெக்கிறது முறை இல்ல பாய். வெயிலும் இப்டி கீது. ஒரு வாரம் முன்னாடியே புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சாயந்தர அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. முகத்தை யாரோ போனில் காட்டினார்கள். தஹ்சீன் பார்த்தாள். போனில் தெரிகிற முகம் எவ்வளவோ அவ்வளவு.

மறுநாள் காலை டாக்சியிலிருந்து இறங்கியவள் யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். ஸ்டாண்டில் நின்ற தட்டுகளைப் பார்த்தாள். தொடவில்லை. வந்திருந்த சொந்தக்காரப் பெண்களெல்லாம் நகர்ந்த பிறகு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"முந்தாநாள் ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கினு இருந்தேன்பா. தட்ட ஸ்டாண்டுல வெக்கறப்ப டக்குனு ஞாபகம் வந்துச்சு. நம்ம கடையில பிளஸ்ஸே கெடையாதே. சின்ன வயசுல அந்தப் போர்ட எழுத்துக் கூட்டிப் படிச்சவளே நான்தான். அது எனக்கு இத்தினி நாள் தோணல. சோப்புக் கையோடயே அம்மிக்குப் போன் போட்டேன்."

பாய் நிமிர்ந்தார். "இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. 'இப்பதான் தெரிஞ்சுதா உனக்கு? எனக்கு அந்த மரத்தடியிலியே தெரியும்'னாங்க."

வாசலில் யாரோ செருப்பை உதறும் சத்தம் கேட்டது. உள்ளே யாரும் வரவில்லை.

"ஏன் அம்மி எங்கிட்ட சொல்லல, நான் அப்பவே வந்திருப்பேனேன்னு கத்துனேன். 'உங்கப்பா ஜென்மத்துல ஒரே ஒரு பிளஸ் போட்டாரு. அதப் போய் தப்புனு நான் எப்டி சொல்றது? அவரே ஒருநாள் மாத்திச் சொல்லுவாருன்னு பாத்தேன். ஓட்டிக் கேளுங்கன்னுகூட சொன்னேன். நேரமாச்சுன்னு போய்ட்டாரு'னாங்க." தஹ்சீன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன்லயே மூச்சு அப்டி எரையுதுப்பா. தோஹாவுல எனக்குக் கேட்டுச்சு. ஒரே வூட்டுல இருந்த உங்களுக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சு கண்ணு."

"போர்டுல எழுதி வெச்சிருக்கீங்களே, கிரேடு தப்புன்னா திருப்பித் தரலாம்னு. நான் யாருகிட்ட திருப்பித் தரட்டும்?"

கேட்டுவிட்டு மகளே எழுந்து, அப்பாவுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை அதிகம். அவர் குடித்தார்.

லீவு தீரும்வரை இருந்தாள். போகிற அன்று, கடைக்கு வந்து பலகையைப் பார்த்தாள். கழற்றிவிடவா என்று பாய் கேட்டார். "வேணாம். இருக்கட்டும்" என்றாள்.

இப்போது கடை பழையபடி ஓடுகிறது. தட்டுகளைப் பாய் தானே கழுவுகிறார். லேபிள் நனைந்துவிடுகிறது. ஓட்டிக் கேட்பதற்கு முன்பை விடவும் அதிக நேரம் ஆகிறது. இரண்டு பக்கமும் முடிந்த பிறகும், ஊசி கடைசிப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தச் சத்தத்தை, கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அனிருத் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, பாய் தியானம் செய்கிறார் என்று எழுதிப் படத்தோடு எங்கோ போட்டான். நிறைய பேருக்குப் பிடித்ததாம்.

போன வாரம் ஸ்ரீரங்கன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோஹாவிலிருந்து போன் வந்தது.

"அப்பா, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"எப்டி கீறீங்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்தார்.

"நல்லா கில்லா எல்லாம் வேணாம்பா. கிரேடு சொல்லுங்க. ஓட்டிக் கேட்டுட்டு சொல்லுங்க. நான் வெயிட் பண்றேன்."

பாய் போனைக் காதில் வைத்தபடி, சுழன்றுகொண்டிருந்த தட்டை நிறுத்தினார். கடை அமைதியாயிற்று. பக்கத்தில் தையல் மெஷின் ஓடியது, அதுவும் நின்றது. ஸ்ரீரங்கன் உறையில் இல்லாத எழுத்தையெல்லாம் படிக்கத் தொடங்கினார்.

நேரம் எடுத்துக்கொண்டார் பாய். முழுசாக, இரண்டு பக்கமும் கேட்கிற நேரம்.

"வெரி குட் இல்ல கண்ணு" என்றார். "அதுக்குக் கீழ. எரைச்சல் கீது. நெறைய கீது. காலைல டீ போடறப்போ ஜாஸ்தி. ஆனா கடைசி வரைக்கும் ஓடும்னுதான் தோணுது. பொய் சொல்லல."



"சரிப்பா" என்றாள் தஹ்சீன். "இத நான் நம்பறேன். நாளைக்கும் கேப்பேன்."